குறும்பு எழுத்து: கையால கீறின மாதிரியான பொண்டை (font, எழுத்துரு) எங்க, எப்பிடிப் போடுறது

இப்ப யாழ்ப்பாணத்தில எந்த றோட்டால போனாலும் ஜூஸ் கடை, வீட்டில கேக் செய்து விக்கிற ஆக்கள், முன்பள்ளி, சின்னாக்களின்ர உடுப்புக்கடை எண்டு எல்லா இடத்திலயும் உருண்டு திரண்ட, கையால கீறின மாதிரியான எழுத்துத்தான். எனக்கு அது நல்ல விருப்பம், ஒரே மாதிரி விறைச்சுப்போன எழுத்துகளைப் பாத்துப் பாத்து வளந்த எங்களுக்கு அது ஒரு சந்தோசம். ஆனா கன இடத்தில வாசிக்க ஏலாமல் கிடக்கு, சில இடத்தில வரக்கூடாத இடத்தில வந்து நிக்குது. கடை திறக்கப்போற ஆக்கள், நோட்டீஸ் அடிக்கிற பெடியள், போனிலயே போஸ்டர் செய்யிற பிள்ளையள் எல்லாருக்கும் உதவட்டும் எண்டு தெரிஞ்சதை எழுதிறன்.

முதல்ல விளங்கிக்கொள்ள வேண்டியது, இந்தமாதிரி எழுத்து சொல்லை வாசிக்க முதலே மனநிலையைச் சொல்லிப்போடும். ஆள் என்ன எழுதியிருக்கு எண்டு பாக்கமுதலே "இது சின்னாக்களுக்கு, இது இனிப்பு, இது விளையாட்டு" எண்டு விளங்கியிருக்கும். அதுதான் அதின்ர பலம், அதுதான் கரைச்சலும். கொமிக் சான்ஸ் எண்ட ஆங்கில எழுத்தை எடுங்கோ, 1994இல வின்சென்ட் கொனேர் எண்டவர் மைக்ரோசொப்டில இருக்கேக்க, கார்ட்டூன் நாய் ஒண்டு கதைக்கிற வசனத்துக்குப் பொருத்தமா இருக்கோணும் எண்டு யோசிச்சு கீறினது, அந்த வேலைக்கு அது நல்ல எழுத்து. பிறகு சனம் அதைக் கண்ட கண்ட இடமெல்லாம் போட்டு, 2012 யூலை 4 ஹிக்ஸ் துகள் கண்டுபிடிச்ச செய்தியை சேர்ன் எண்ட அணுத்துகள் ஆய்வுகூடம் சொல்லேக்க காட்டின ஸ்லைடிலயும் அது வந்து, விஞ்ஞானத்துக்குப் பக்கத்தில எழுத்தைப் பற்றியும் உலகம் கதைச்சுது. எழுத்தில பிழை இல்லை, போட்ட இடந்தான்.

தமிழுக்கு இன்னொரு விசயம் இருக்கு. எங்கட எழுத்து ஏற்கனவே வளைவும் சுழியுமா இருக்கிறது, ஓலையில எழுத்தாணியால எழுதேக்க நேர்கோடு ஓலையைக் கிழிக்கும், அதால வளைவு கூடினது எண்டு சொல்லுறவை. ஆங்கில எழுத்தை விளையாட்டுத்தனமா காட்டோணும் எண்டா கனக்கக் கோணலாக்க வேணும், தமிழுக்கு கொஞ்சம் முனையை உருட்டி, கோட்டுத் தடிப்பைக் கூட்டிக் குறைச்சு, எழுத்துகளை ஒரே கோட்டில நிக்கவிடாமல் ஒண்டை ஏத்தி ஒண்டை இறக்கினாலே காணும், குறும்பு தானா வரும். அதுக்கு மேல போனா வாசிக்க ஏலாது. அதோட ஆங்கிலத்துக்கு 26 எழுத்தை ரெண்டு விதமா கீறினா பெரும்பாலும் வேலை முடிஞ்சுது, எங்களுக்கு 247 எழுத்து, அதில உகர ஊகார வரிசை 36உம் ஒவ்வொண்டும் தனித்தனி உருவம், பிறகு ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ வேற. கையால கீறேக்க இவ்வளவையும் ஒரே கைப்பழக்கத்தில கொண்டுபோறது லேசில்லை, அதால சில பொண்டில "அ, ஆ, க, ம" எல்லாம் நல்ல வடிவா இருக்கும், "ஞூ", "ஙு" கிட்ட வரேக்க வேற ஆள் கீறின மாதிரி இருக்கும்.

எந்தப் பொண்டை எடுக்கிறது

கூகுள் பொண்ட்ஸ் எண்ட சைற்றில காசில்லாமல் எடுக்கலாம். பலூ தம்பி 2 எண்டது இந்தியாவில பொண்ட் செய்யிற ஏக் டைப் ஆக்கள் செய்தது, தடிச்சு உருண்டு சிரிச்ச முகமா இருக்கும், சாதாரணத்தில இருந்து நல்ல மொத்தம் வரை ஐஞ்சு தடிப்பு, சின்னாக்களின்ர விசயத்துக்கு முதல்ல இதைத்தான் நான் காட்டுவன். கொய்னி எண்டது இன்னும் கொழுப்பு, ஒரே ஒரு தடிப்புத்தான், ஒரு சொல்லு ரெண்டு சொல்லுக்கு அடிச்சு நிக்கும், அதுக்கு மேல தாங்காது. கவிவாணர் எங்கட இலங்கைக்காரர் தாரிக் அஸீஸ் செய்தது, சரிஞ்சு எழுதின கையெழுத்து மாதிரி, அது சத்தம் போடாத குறும்பு, பெட்டைப்பிள்ளை கொப்பியில வடிவா எழுதின மாதிரி இருக்கும், வாழ்த்து மட்டை, கைவினைப்பொருள், வீட்டுச் சாப்பாட்டு லேபிளுக்கு நல்லம். அரிமா எழுத்தின்ர முனையெல்லாம் உருட்டின மென்மையான எழுத்து, குழந்தைத்தனம் குறைவு, அதால வளந்த ஆக்களின்ர கடைக்கும் போடலாம். இது நாலும் திறந்த உரிமத்தில இருக்கிறதால கடைப் போட்டுக்கும் (பெயர்ப்பலகை) பொதிக்கும் ரீசேட்டுக்கும் காசு குடுக்காமல் பாவிக்கலாம், பொண்டை மட்டும் தனிய எடுத்து விக்கக்கூடாது. வேற சைற்றில "தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்" எண்டு போட்டிருக்கிறதை எடுத்து கடைக்கு லோகோ செய்யாதேங்கோ, கீறின ஆளின்ர உழைப்பு அது, காசு குடுத்து வாங்குங்கோ இல்லாட்டி விடுங்கோ.

கன பிறிண்டிங் கடையில கிடக்கிற பழைய வடிவான எழுத்துகள் பாமினி முறையில செய்தது. அதில தமிழ் மாதிரித் தெரியிறது உண்மையில ஆங்கில எழுத்து, பொண்டை மாத்தின உடன குப்பையாப் போயிடும். அச்சுக்கு மட்டும் எண்டா பிரச்சினை இல்லை, ஆனா அதே வசனத்தை பேஸ்புக்கில போடோணும், கூகுளில தேடினா வரோணும் எண்டா யூனிகோட்டில (போனிலயும் நெட்டிலயும் பொதுவாப் பாவிக்கிற எழுத்து முறை) வேற எழுதி வைக்கத்தான் வேணும்.

எடுத்த பொண்டைச் சோதிக்கிறது எப்பிடி எண்டா, கடைப்பேரை மட்டும் அடிச்சுப் பாத்திட்டு "நல்லாருக்கு" எண்டு விடாதேங்கோ. இதை அடிச்சுப் பாருங்கோ: "நுங்கு ஜூஸ், பழக்கூழ், ஞாயிறு ஸ்பெஷல், பூந்தி, ரொட்டி, ஸ்ரீ, ஹோட்டல், ஔவை, 250/=". இதில பிரச்சினை தாற எழுத்து பெரும்பாலும் வந்திடும். ஜூ சரியா வருதோ, ஸ்ரீ வருதோ, இலக்கமும் அதே கையால கீறினதோ எண்டு பாருங்கோ, கன பொண்டில இலக்கம் வேற எங்கயோ இருந்து எடுத்து ஒட்டின மாதிரி இருக்கும், விலைப்பட்டியல் செய்யேக்க அப்பதான் தெரியும்.

பிறகு ஒண்டோட ஒண்டு குழம்புற சோடிகள். ழ, மு ரெண்டும் குறும்பு எழுத்தில சுழி கூடினா ஒண்டாப் போயிடும், பழச்சாறு விக்கிற கடையில "பழம்" எண்டதை "பமும்" எண்டு வாசிக்கிற மாதிரி வந்தா அந்தப் பொண்ட் உங்களுக்குச் சரிவராது. ர, கால் ா ரெண்டுக்கும் வித்தியாசம் அந்தக் கீழ் வெட்டு மட்டுந்தான், கையால கீறேக்க அதை மறந்துபோற ஆக்கள் இருக்கினம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, அதின்ர மேல் சுழி தடிச்ச எழுத்தில அடைபட்டு ரெண்டும் ஒண்டாத் தெரியும். ண, ன ரெண்டிலயும் உள்சுழி எத்தினை எண்டு எண்ண ஏலோணும். ி, ீ தலையில இருக்கிற சுழியும் அப்பிடித்தான். உள்ளுக்க இருக்கிற வெள்ளை இடம் திறந்து நிக்குதோ எண்டு பாக்கிறதுதான் சோதனை, போனில அந்தச் சொல்லை நகத்தளவுக்குச் சின்னனாக்கிப் பாருங்கோ, அப்பவும் வெள்ளை தெரிஞ்சா எடுக்கலாம்.

புள்ளியையும் பாருங்கோ. சில பொண்டில புள்ளியை நட்சத்திரமாவும் பூவாவும் இதயமாவும் போட்டிருப்பினம், ஒரு சொல்லில ஒரு புள்ளி எண்டா வடிவு, "யாழ்ப்பாணம்" எண்டு எழுதினா மூண்டு புள்ளி, "கொழுக்கட்டைச் சந்தை" எண்டா நாலு, எல்லாம் இதயமா வந்தா கண் அங்கதான் போகும், சொல்லு நிக்காது.

இரட்டிச்ச எழுத்து

இதை கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன், ஏனெண்டா ஒருத்தரும் சொல்லாத விசயம், ஆனா நல்ல வேலைக்கும் சும்மா வேலைக்கும் வித்தியாசம் இதிலதான் இருக்கு. கையால எழுதினா ஒரே எழுத்து ரெண்டு தரம் ஒரே மாதிரி வராது. பொண்டில வரும். தமிழில க்க, ட்ட, ப்ப, த்த எண்டு ஒரே எழுத்து பக்கத்தில பக்கத்தில வந்துகொண்டே இருக்கும், அதால "கையால கீறினது" எண்ட உணர்வு எங்கட மொழியில ஆங்கிலத்தைவிடக் கெதியா உடைஞ்சுபோகும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில பட்டம் ஏத்துற போட்டி நடக்கிறது எல்லாருக்கும் தெரியும், அதுக்கு ஒரு போஸ்டர் செய்யிறீங்கள் எண்டு வையுங்கோ, "வல்வெட்டித்துறை பட்டத் திருவிழா". எண்ணிப் பாருங்கோ, வல்வெட்டியில வ ரெண்டு, ட்டி, த்து, பிறகு பட்டத்தில ட்ட, பிறகு த் தி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சோடி சோடியா ஒரே உருவம். அச்சுக்குத்திற மாதிரி தெரிஞ்சுபோகும்.

செய்யவேண்டியது இதுதான். வசனத்தை அடிச்சு, அளவு, வரி எல்லாம் முடிவாக்கி, எழுத்துப்பிழை பாத்து முடிச்சபிறகு ஒரு கொப்பியை எடுத்து வைச்சிட்டு மற்றதை கேர்வ் ஆக்குங்கோ, அதாவது அடிச்ச எழுத்தை வெறும் கீறின உருவமா மாத்துங்கோ, இலஸ்ட்ரேட்டர் எண்டா அவுட்லைன், கொறல்ட்றோ எண்டா கொன்வேர்ட் டு கேர்வ்ஸ், இன்க்ஸ்கேப்பில ஒப்ஜெக்ட் டு பாத். பிறகு குறூப்பைப் பிரிச்சு, சோடியில ரெண்டாவது எழுத்தை மட்டும் தொடுங்கோ. ரெண்டு மூண்டு பாகை சரிக்கிறது, கொஞ்சம் கீழ இறக்கிறது, நூற்றுக்கு மூண்டு நாலு அளவு பெருப்பிக்கிறது, இது மூண்டில ஒண்டோ ரெண்டோ காணும், மூண்டும் ஒரே எழுத்துக்குச் செய்தா வெறியில நிக்கிற மாதிரி வரும். ட மாதிரி நேர்கோட்டு எழுத்துக்கு சரிக்கிறது உடன தெரியும், அதால ட்ட வரேக்க ஒரு பாகையோட விடுங்கோ, பதிலா கீழ்க்கோட்டின்ர நுனியைப் பிடிச்சு கொஞ்சம் நீட்டுங்கோ. ப, வ மாதிரி எழுத்துக்கு உள்வளைவை ஒரு நோட் (கோட்டை வளைக்கப் பிடிக்கிற புள்ளி) இழுத்து மாத்தலாம். புள்ளியை நடுவில இருந்து கொஞ்சம் இடமோ வலமோ தள்ளுங்கோ, எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் போகாமல். "பட்டம்" எண்ட சொல்லுக்கு மட்டும் கொஞ்சம் துணிவா, ம்-இன்ர கடைசிக் கோட்டை வால் மாதிரி இழுத்துவிட்டா அது பட்டத்தின்ர வாலாயிடும், ஆனா இந்த மாதிரி விளையாட்டு ஒரு போஸ்டரில ஒரு இடத்திலதான், ரெண்டாவது இடத்தில செய்தா முதலாவது செத்துப்போகும்.

வடிவா செய்த சில பொண்டில இதுக்கெண்டே மாற்று உருவம் உள்ளுக்க வைச்சிருப்பினம், கிளிஃப்ஸ் (glyphs, பொண்டில இருக்கிற எல்லா உருவமும் காட்டிற) பனலைத் திறந்து பாத்தா தெரியும். தமிழில அது குறைவு, அதால கை வேலைதான்.

அளவு, இடைவெளி, துணை எழுத்து

ஒரு போட்டில குறும்பு எழுத்தில நாலு ஐஞ்சு சொல்லுக்கு மேல போடாதேங்கோ. கடைப்பேரும் வேணுமெண்டா ஒரு சின்ன வசனமும். விலாசம், போன் நம்பர், திறக்கிற நேரம், விலை, இதெல்லாம் அமைதியான எழுத்தில, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான், இல்லாட்டி தாரிக் அஸீஸின்ர பவனம், இதில எதையும் எடுக்கலாம். ரெண்டு குறும்பு எழுத்தை ஒரே போட்டில சேர்க்கிறது எனக்குச் சரியாப் படயில்லை, ஒண்டை ஒண்டு பேசவிடாது.

போட் எழுதிற ஆக்கள் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் எண்டு ஒரு கணக்கு வைச்சிருக்கினம். காங்கேசன்துறை வீதியில அந்தப் பக்கம் பஸ்ஸுக்க இருந்து பாக்கிற ஆளுக்கு 60 அடி எண்டா 6 அங்குலம் வரும், ஆனா அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சொன்ன கணக்கு, தமிழில மேல விசிறி (ி, ீ), கீழ சுழி, உள்ளுக்க மடிப்பு எல்லாம் இருக்கிறதாலயும் குறும்பு எழுத்து இன்னும் சிக்கலா இருக்கிறதாலயும் 8, 9 அங்குலத்துக்குக் குறைக்காதேங்கோ. அந்த உயரம் க, ப மாதிரி எழுத்தின்ர உடம்பு உயரம், கீ-யின்ர தலையில இருந்து கூ-வின்ர வால் வரை அளக்கக் கூடாது.

எழுத்துக்கிடையில இடைவெளியைக் கூட்டாதேங்கோ. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எண்டு பிரிஞ்சு நிண்டா "கொ" எண்டது மூண்டு துண்டாத் தெரியும். ரெண்டு வரி வந்தா மேல் வரியின்ர ு, ூ வாலும் கீழ் வரியின்ர ி, ீ தலையும் முட்டுதோ பாருங்கோ, முட்டுற இடத்தில வரியைத் தூரத்தள்ளுறதைவிட கீழ் வரியைக் கொஞ்சம் இடம் வலமா நகர்த்திப் பொருத்தினா கையால எழுதின மாதிரியே இருக்கும். நீளம் காணாது எண்டு எழுத்தைப் பக்கவாட்டில இழுக்கிறது கூடவே கூடாது, தடிப்பு எல்லாம் கெட்டுப்போகும்.

மூண்டு மொழிப் போட்டெண்டா பலூ தம்பியிலயும் கொய்னியிலயும் ஆங்கிலம் உள்ளுக்கயே இருக்கு, அதையே எடுங்கோ. சிங்களத்துக்கு கூகுள் பொண்ட்ஸில யாழ்தேவி எண்ட பேரிலயே ஒரு எழுத்துக் குடும்பம் இருக்கு, அது குறும்பு இல்லை, ஆனா தடிப்பு கன விதமா இருக்கிறதால தமிழோட கண்ணால பாத்துப் பொருத்தலாம். மூண்டும் ஒரே குணமா இருக்கோணும் எண்டு அவசியமில்லை, ஒரே கனமா இருக்கிறது முக்கியம்.

மென்பொருளில தமிழ் உடைஞ்சு, கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிண்டாலோ புள்ளிவட்டம் வந்தாலோ பொண்டைத் திட்டமுதல் செட்டிங்கைப் பாருங்கோ. போட்டோஷொப் எண்டா டைப் பகுதிக்குள்ள மிடில் ஈஸ்டர்ன் அன்ட் சவுத் ஏசியன் எண்டதையோ, வேற வேர்சனில வேர்ல்ட் ரெடி லேஅவுட் எண்டதையோ போடோணும், இலஸ்ட்ரேட்டரில ஷோ இன்டிக் ஒப்ஷன்ஸ். இன்க்ஸ்கேப்பில ஒண்டும் செய்யத் தேவையில்லை, தானா சரியா வரும். போனில பிக்செல்லாப் மாதிரி அப்பில பொண்ட் பைலை ஏத்திப் பாவிக்கலாம்.

அடிக்கக் குடுக்க முதல்

எதில அடிக்கப்போறீங்கள் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் பொண்ட் எடுக்கோணும். பிளெக்ஸ் எண்டா எதுவும் தாங்கும். ஓட்டோவுக்கும் வானுக்கும் ஒட்டுற ஸ்டிக்கரை மெசினில வெட்டிறதெண்டா, சோக்கட்டியால எழுதின மாதிரி, காய்ஞ்ச பிறஷ் மாதிரி ஓரம் பிசிர் அடிச்ச எழுத்தை எடுக்காதேங்கோ, அந்தப் பிசிர் ஒவ்வொண்டும் நோட், கத்தி துடிச்சுத் துடிச்சு வெட்டும், பிறகு வேண்டாத துண்டை உரிக்கிற ஆள் பாவம். வழுவழுப்பான ஓரம் உள்ள எழுத்துத்தான் அதுக்கு. லைட் போட்ட 3டி எழுத்தெண்டா கோட்டின்ர மெல்லிய இடத்திலயும் எல்ஈடி போகோணும், அதால ஒரு இடம் தடிச்சு ஒரு இடம் நூல் மாதிரிப் போற எழுத்து சரிவராது. அதில புள்ளி தனித் துண்டு, விழுந்தா "கல்" "கல" ஆயிடும், அதைத் தனிய ஒட்டாமல் பின்பலகையில இறுக்கச் சொல்லுங்கோ. ரீசேட்டுக்கு ஸ்கிறீன் பிறிண்ட் எண்டா உள்சுழி மையால அடைபடும், இன்னும் திறந்த எழுத்து வேணும்.

மஞ்சள் ஓரம், அதுக்கு வெளியால கறுப்பு ஓரம், அதுக்குப் பின்னால நிழல், உள்ளுக்க ரெண்டு கலர் ஓட்டம், இது எங்கட பனர்களில வழக்கம். குறும்பு எழுத்துக்கு இது ஒண்டும் வேண்டாம், அது தன்ரபாட்டிலயே நிக்கும். ஓரம் வேணுமெண்டா எழுத்தின்ர கோட்டில தடிப்பைக் கூட்டாமல் பின்னால ஒப்செட் பாத் (எழுத்தைச் சுத்திக் கொஞ்சம் வெளியால தள்ளி வாற உருவம்) ஒண்டு வையுங்கோ, இல்லாட்டி ஓரம் எழுத்தைத் திண்டுபோடும்.

போடக்கூடாத இடங்கள்: மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலி, 31ஆம் நாள் நினைவு மட்டை. இதில ஒரு விட்டுக்குடுப்பும் இல்லை, செத்த ஆளின்ர பேரைத் துள்ளிக்குதிக்கிற எழுத்தில பாக்கிற வீட்டுக்காரருக்கு அது நோகும். மருந்துக் குறிப்பு, மின்சார எச்சரிக்கை, ஆழமான கிணறு, இதெல்லாம் ஒரு பார்வையில விளங்கோணும், அமைதியான தடிச்ச எழுத்துத்தான். கோயில் அறிவித்தலுக்கும் வேண்டாம், ஆனா நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலடியில கச்சான் கடை, ஐஸ்கிறீம் வான் போடுற ஆக்களுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்தில்லை. சாமத்தியவீட்டுக்குப் பிள்ளையின்ர பேரை மட்டும் கவிவாணர், அரிமா மாதிரி மென்மையானதில போட்டு பெரியாக்களின்ர பேர், நேரம், மண்டபம் எல்லாம் சாதாரண எழுத்தில விடுங்கோ. பிறந்தநாள், முன்பள்ளி விளையாட்டுப்போட்டி, பட்டம், இனிப்பு, பொம்மை, சின்னாக்களின்ர கதைப்புத்தக அட்டை, இங்க தாராளமா.

குடுக்கிற பைல் கேர்வ் ஆக்கின பிடிஎப்பா இருக்கட்டும், அப்பதான் பிறிண்டிங் கடைக் கொம்பியூட்டரில அந்தப் பொண்ட் இல்லாட்டியும் எழுத்து மாறாது. அதோட எடுத்து வைச்ச மற்றக் கொப்பியையும், போன் நம்பரையும் விலாசத்தையும் யூனிகோட்டில தனியவும் அனுப்புங்கோ, கடைசி நேரத்தில ஒரு நம்பர் மாறினா முழுக்கத் திரும்பக் கீறத் தேவையில்லை. அடிக்க முதல் பெரிய போட்டெண்டா பேரில ஒரு துண்டை, ஏலுமெண்டா ழ-வோ ண-வோ வாற துண்டை, உண்மையான அளவில கடதாசியில அடிச்சு கடை வாசலில ஒட்டி, றோட்டுக்கு அந்தப் பக்கம் நிண்டு பகலிலயும் இரவு லைட்டிலயும் பாருங்கோ, பேர் தெரியாத ஒரு ஆளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கோ. ஒருக்கா யோசிச்சுத்தான் வாசிச்சா எண்டா எழுத்தைப் பெருப்பியுங்கோ, ரெண்டாம் முறையும் தடுமாறினா பொண்டை மாத்துங்கோ.